அங்கோரில் ஆளில்லாத படம்

வணக்கம் சார்,

டிசம்பரில் குடும்பத்தோடு கம்போடியா போகிறோம். மூன்று நாள் சீட்டு எடுப்பதாக இருக்கிறேன். புது கேமரா வாங்கியிருக்கிறேன். எந்த லென்ஸ் கொண்டுபோவது? அங்கோர் வாட்டில் சூரிய உதயத்தை எங்கே நின்று எடுப்பது? கூட்டமே இல்லாமல் கோயிலை மட்டும் எடுக்க எந்த நேரம் சரி? முடியாவிட்டால் பிறகு மென்பொருளில் ஆட்களை அழித்துவிடலாம் அல்லவா? அந்தப் பழைய கோயிலின் அமைதியை டி-ஷர்ட்டும் தொப்பியும் கெடுக்கின்றன.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

லென்ஸைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உதயத்துக்கு உள்ளே போனதும் இடப்பக்கக் குளக்கரை, உங்களுக்கு முன்னால் பாதி உலகம் அங்கே வந்து நிற்கும். அது மேற்கு பார்த்த கோயில் என்பதால் காலையில் கோபுரங்கள் வெறும் கறுப்பு நிழலாகத்தான் விழும். கல்லில் உள்ள வேலை தெரிய வேண்டுமென்றால் சாயங்காலம் போங்கள். மூன்று நாள் சீட்டு சரிதான். அதில் உங்கள் முகத்தை அச்சடித்துத் தருவார்கள். அங்கே முதலில் படமாகிறவர் நீங்கள்தான்.

ஆனால் உங்கள் கடைசி வரி இரண்டு நாளாக என்னைப் படுத்துகிறது. அமைதியா? யார் சொன்னது உங்களுக்கு? அங்கோரிலேயே உள்ள தா ப்ரோம் கோயிலை 1186இல் கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் கட்டினான். அந்தக் கோயிலின் கல்வெட்டே கணக்குச் சொல்கிறது: 3,140 ஊர்கள், ஊழியத்துக்கு 79,365 பேர், ஆடுகிற பெண்கள் மட்டும் 615 பேர். அரிசி வண்டியும் அதட்டலும் சலங்கையுமாகக் கிடந்த இடம் அது. இன்று மரவேர் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே, அந்தக் காட்சியும் தானாக மிஞ்சியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பல கோயில்களில் காட்டை வெட்டிவிட்டு, இது 'கண்டெடுத்தபடியே' இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். கண்டெடுத்தது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அங்கோரைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுகிற பிரெஞ்சுப் பயணி ஆன்ரி மூஓ 1860இல் போனபோது அங்கோர் வாட்டில் பிக்குகள் குடியிருந்தார்கள். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிற வீட்டைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் 1866இல் ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் ஜான் தாம்சன் கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் சுமந்துகொண்டு, வழியில் காய்ச்சலில் விழுந்து எழுந்து, அங்கே போய்ப் படமெடுத்தார். அந்தத் தகட்டில் அசைகிற ஆள் மங்கிப்போவான். அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு என்ன வந்தது?

பாயோன் கோயிலுக்குப் போவீர்கள். எல்லோரும் மேலே ஏறி அந்தப் பெரிய முகங்களோடு நின்றுகொள்வார்கள். நீங்கள் கீழே வெளிச்சுற்றின் தெற்குச் சுவரில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். சேவல் சண்டை, தராசு பிடித்த பெண், கம்பியில் குத்திச் சுடுகிற கறி, கொதிக்கிற அண்டாவுக்குள் இறக்கப்படுகிற பன்றி, பிரசவ வலியில் ஒருத்தி. அரசன் கட்டிய கோயிலில், அரசன் காசில், சிற்பி சந்தையைச் செதுக்கியிருக்கிறான். அவனுக்குக் கூட்டம் இடைஞ்சலாகப் படவில்லை.

எங்களுக்கு ஆள் வேண்டாம் என்கிற இந்த ஆசை படத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் அங்கோர் எல்லைக்குள் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ருன் தா ஏக் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். விருப்பப்பட்டுத்தான் போனார்கள் என்கிறது அரசு, இல்லை என்கிறது மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி. உங்கள் மென்பொருள் ஒரு விரல் தேய்ப்பில் செய்வதைத்தான் அங்கே லாரி வைத்துச் செய்தார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் நானும் இதே ஆள்தான்.

பந்தே ஸ்ரே கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் சிவதாண்டவச் சிற்பத்தில் காரைக்கால் அம்மையாரைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், எடுங்கள், வேண்டியதுதான். வழியில் ப்ரேயா டாக் ஊரில் வண்டியை நிறுத்துங்கள். ரோட்டோரம் பெண்கள் பதநீர் காய்ச்சுவார்கள். நம் பனையேதான், அங்கே தினோத் என்பார்கள், வாசனைகூட மாறவில்லை. நான் போனபோது ஒரு அம்மாவிடம் கேமராவைக் காட்டி எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். கையைக் காட்டி நிறுத்தினார். துடுப்பை வைத்துவிட்டு, தலையில் கிடந்த கட்டம்போட்ட துண்டை உதறி, இழுத்துக் கட்டி, கன்னத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் ம் என்றார். கோயிலில் எடுத்த எதையும்விட எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

அதற்கு முந்தின நாள் காலை தா ப்ரோமில் நான் செய்ததைக் கேளுங்கள். ஆள் வரும் முன்பே போய், ஒரு முற்றத்தில் கேமராவை நிறுத்திக் காத்திருந்தேன். ஒரு பாட்டி சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். கோழியை விரட்டுவதுபோலக் கையை அசைத்தேன். அவர் சிரித்தபடி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் எடுத்து முடிக்கும்வரை, துடைப்பத்தோடு. படம் பிரமாதமாக வந்தது, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினேன். வேரையும் வாசலையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நானும் பல வருஷம் அதைத்தான் பார்த்தேன். தரையில் துடைப்பத்தின் விசிறிக் கோடுகள் வரிசையாக வந்து, பாதி முற்றத்தில் சட்டென்று நின்றிருக்கின்றன. மீதிப் பாதியில் சருகு அப்படியே கிடக்கிறது.