மூளைத்தண்டில் ரத்தக்கசிவு: ஆபரேஷன் இப்போதே வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. போன மாதம் ஒருநாள் காலையில் எழுந்ததும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இடது கன்னமும் மரத்துவிட்டது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘பான்ஸ் பகுதியில் கேவர்னோமா, ரத்தக்கசிவு’ என்றிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். கேவர்னோமா புற்றுநோய் அல்ல. சுவர் மெலிந்த ரத்தக்குழாய்கள் முசுக்கொட்டைப் பழம்போலக் கொத்தாகத் திரண்டிருக்கும், அவ்வளவுதான். ரத்தம் அதில் மிக மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் சிக்காது. மூளையின் வேறு இடங்களில் ஆயுசு முழுக்கச் சும்மா கிடப்பதும் உண்டு. ஆனால் பான்ஸ் என்பது மூளைத்தண்டின் நடுப்பகுதி. தண்டில் அப்படித் தாராளமாக இடம் கிடையாது. கண் அசைவு, விழுங்குதல், மூச்சு, கைகாலுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொஞ்சம் கசிந்தாலே போதும்.

ஒருமுறை கசிந்தது 5 ஆண்டுகளுக்குள் மறுபடி கசியும் வாய்ப்பு ஏறக்குறைய 30%. அப்படியும் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், அது இருக்கும் இடம். கட்டி தண்டின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வழியாகவே உள்ளே போகலாம். ஆழத்தில் இருந்தால், நல்ல நரம்பைக் கீறிக்கொண்டுதான் போகவேண்டும். அதனால் ஆழத்தில் உள்ளதை முதல் கசிவோடு பெரும்பாலும் தொடமாட்டோம். இரண்டாவது முறை கசிந்தால் கணக்கு மாறும். மேற்பரப்பைத் தொடுகிறதா என்று எம்ஆர்ஐயின் டி1 வகைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். ரத்தக்கசிவின் தடயத்தைக் காட்டும் எஸ்டபிள்யூஐ வகை எம்ஆர்ஐ படத்தில் கட்டி நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பலர் வீணாகப் பயந்துவிடுகிறார்கள்.

ஆபரேஷனில் முகத் தசைகளில் மின்முனை பொருத்தி, நரம்புகளைக் கண்காணித்தபடியே கட்டியை எடுப்பார்கள். மிச்சம் வைத்தால் அது மறுபடி கசியலாம். பக்கத்திலேயே ஒரு பெரிய சிரை இருந்தால், அதைத் தொடவே கூடாது. நல்ல மூளையின் ரத்தம் அதன் வழியாகத்தான் வடிகிறது. ஆபரேஷன் முடிந்ததும் பலருக்கு நிலைமை முதலில் மோசமாகும்: வாய் கோணும், சிலருக்கு விழுங்க முடியாமல் மூக்குக்குழாய் தேவைப்படும். தேறுவதற்கு மாதக்கணக்காகும், சில குறைகள் அப்படியே நின்றும்விடலாம். ஆபரேஷனின் நோக்கம் அடுத்த கசிவைத் தடுப்பது. இரட்டைப் பார்வை போய்விடும் என்ற எண்ணத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தண்டில் எத்தனை கேஸ் செய்திருக்கிறீர்கள்?’ என்று டாக்டரிடம் கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

விடாத விக்கல், வாந்தி, தண்ணீர் குடித்தால் புரையேறுவது, கைகால் பலவீனம், அசாதாரணத் தூக்கம் என எது வந்தாலும், நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். இரட்டைப் பார்வை இருக்கும்வரை தம்பி வண்டி ஓட்ட வேண்டாம். படி இறங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டால் படி ஒன்றாகத் தெரியும். ஆனால் ஆழம் சரியாகப் பிடிபடாது, கைப்பிடியை விடக்கூடாது.