200 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் கிளவுடில் ஃபைல் ஏற ஏன் இவ்வளவு நேரம்?

தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நீங்கள், கல்யாணப் போட்டோக்கள் ராத்திரி முழுக்க ஏறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். லைனில் பழுது இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

முதலில் கணக்கு. 200 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 200 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; ஆக வினாடிக்கு 25 மெகாபைட்தான். அதுவும் பல பிளான்களில் டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடு வேகம் குறைவாக இருக்கலாம். அதைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

உண்மையான தாமதம் வேறு இடத்தில். எண்ணூர் நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், துறைமுக கேட்டில் ஒவ்வொரு கன்டெய்னர் லாரிக்கும் சீட்டு பார்த்துத்தானே விடுகிறார்கள்? ஃபைல்களைக் கிளவுடோடு ஒத்திசைக்கும் பல சிங்க் மென்பொருள்களும் அப்படித்தான். ஒவ்வொரு ஃபைலையும் படித்து, அதற்கு ஒரு ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்து உருவாக்கும் அடையாளக் குறியீடு) கணக்கிட்டு, 'இது ஏற்கெனவே இருக்கிறதா?' என்று சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பிறகே அனுப்புகின்றன. டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவை ஃபைலை 4 எம்பி துண்டுகளாக வெட்டி இதைச் செய்கிறது. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு கேள்வி போய் பதில் வரவே சுமார் 0.2 வினாடி. ஒவ்வொன்றாகப் போனால் 10,000 போட்டோவுக்கு அந்தக் காத்திருப்பு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல்! சில ஃபைல்களை ஒரே சமயத்தில் அனுப்புவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பழைய ஹார்டு டிஸ்க், இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபை இரண்டும் இழுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? லேன் கேபிள் போடுங்கள். செட்டிங்ஸில் அப்லோடு வரம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். முடிந்த ஆல்பங்களை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி ஏற்றுங்கள். என் அனுபவத்தில் இதுதான் அதிகம் கை கொடுக்கிறது.