கேள்வி பதில்: பழைய தொடர், புதிய கண்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், சின்ன வயதில் வீட்டோடு உட்கார்ந்து பார்த்த ஒரு குடும்பக் காமெடித் தொடரை முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் என்றாகிவிட்டது. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வயதில் வயிறு வலிக்கச் சிரித்த தொடர் அக்கா. போன வாரம் ஆசை ஆசையாக உட்கார்ந்தேன். மூன்று எபிசோட் ஓடியும் ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. தொடரே மட்டமா, இல்லை நான்தான் சிரிக்க மறந்துவிட்டேனா? எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன், ஏனென்றால் எனக்கும் முதல் வாரம் இதே கதிதான். பிறகு யோசித்துப் பார்த்ததில், நாம் யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது என்று தோன்றுகிறது. பையன் பந்து விளையாடி விளக்கை உடைத்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்று வையுங்கள். பத்து வயதில் நீங்களும் அவனோடு சேர்ந்து சோபாவுக்குப் பின்னால் இருந்தீர்கள், மாட்டிக்கொள்வானா மாட்டானா என்ற படபடப்பில்தான் அந்தச் சிரிப்பே வந்தது. இப்போது உங்கள் கண் வாசலுக்குப் போகிறது. வேலை முடிந்து தோளில் பையைக்கூட இறக்காமல் உள்ளே வருகிற அப்பாவைப் பார்க்கிறீர்கள், அவர் முகத்தில் இருக்கிற அலுப்பைப் பார்க்கிறீர்கள், அந்த விளக்கு என்ன விலை இருக்கும் என்று உங்கள் மனசே கணக்குப் போடுகிறது. அப்புறம் எங்கே சிரிப்பது?

ஃபுல் ஹவுஸ் என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இலிருந்து 1995 வரை 192 எபிசோட் ஓடியது. சின்ன வயதில் அது எனக்கு மூன்று ஆண்களும் மூன்று பெண் குழந்தைகளும் எந்நேரமும் கூத்தடிக்கிற வீடு, அவ்வளவுதான். இப்போது முதல் எபிசோடைப் பார்த்தால் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. அந்த வீட்டில் அம்மா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. கடைசிக் குழந்தை கைக்குழந்தை. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல்தான் அந்த அப்பா தன் மைத்துனனையும் நண்பனையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். அதாவது அந்தத் தொடரின் மொத்தக் கலகலப்பும் ஒரு சாவிலிருந்து தொடங்குகிறது. இது எல்லாம் அன்றைக்கும் திரையில் இருந்ததுதான், நான்தான் குழந்தையின் தொட்டிலைச் சுற்றியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர் தொடரின் நாலாவது சீசனில், 1994இல் வந்த ஒரு எபிசோட். பல வருடங்களுக்கு முன் விட்டுவிட்டுப் போன அப்பா திரும்பி வருகிறார், பையனை உடன் அழைத்துப் போவதாக ஆசை காட்டுகிறார், கடைசியில் மறுபடி விட்டுவிட்டுப் போகிறார். பையன் எனக்கு அவர் தேவையே இல்லை என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவருக்கு ஏன் நான் வேண்டாம் என்று கேட்டு உடைந்துபோவான், மாமா ஃபில் அவனைச் சேர்த்து அணைத்துக்கொள்வார். சின்ன வயதில் பையனோடு சேர்ந்து அழுதேன். இந்த முறை பையனை நான் பார்க்கவே இல்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேசி முடிக்கும் வரை அவர் குறுக்கே விழுந்து ஆறுதல் சொல்வதில்லை, அறிவுரையும் கிடையாது, எல்லாவற்றையும் அவன் கொட்டட்டும் என்று நிற்கிறார். அந்தப் பொறுமையைத் தன் முகத்திலும் தோளிலும் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஏவரி, 2013இன் கடைசி நாளில் காலமானார். காட்சி முடியும்போது கேமரா மெதுவாக ஒரு சிலையில் போய் நிற்கும். ஒரு அப்பா குழந்தையை ஏந்தியிருக்கிற சிலை, பையன் தன் அப்பாவுக்குக் கொடுப்பதற்காக வாங்கி வைத்தது. அந்தச் சிலை என் நினைவில் துளியும் இல்லை. அத்தனை தடவை மறுஒளிபரப்பில் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

அதனால் சிரிப்பு வருகிறதா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். அந்த வீட்டில் பெரியவர்கள் யார் யார், அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒரே மூச்சில் மூன்று எபிசோட் வேண்டாம். இவை வாரத்துக்கு ஒன்று என்று எடுக்கப்பட்டவை. ஒரு பாத்திரம் எப்போதும் சொல்கிற அதே வசனம், ஏழு நாள் கழித்துக் கேட்டால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, அரைமணிக்கு ஒருதரம் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

கேள்வி: பின்னணியில் வரும் அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போது தாங்க முடியவில்லை. சின்ன வயதில் இது ஏன் காதில் விழவே இல்லை?

பதில்: அன்றைக்கு அறையிலேயே நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், டிவியின் சிரிப்பு அதோடு கலந்துவிட்டது. இன்று ராத்திரி தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறோம். சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர் இரண்டு நொடி காத்திருப்பார் பாருங்கள், கூட்டத்தில் அது தெரியாது, தனியாக இருக்கும்போது ஒரு பள்ளம் மாதிரி தெரிகிறது.

சத்தம் எல்லாமே போலி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1951இல் தொடங்கிய ஐ லவ் லூசி உண்மையான பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுக்கப்பட்டது. பின்னால் வந்த எத்தனையோ தொடர்கள் அந்த வழியில் போனவை. வீட்டின் நாலாவது சுவர் இல்லாமல் இருப்பதும், சோபா நம்மைப் பார்த்தே போடப்பட்டிருப்பதும், சாப்பாட்டு மேஜையில் நம் பக்கம் முதுகு காட்டி யாருமே உட்காராததும் அதனால்தான். அடுத்த எபிசோடில் மேஜையை மட்டும் கவனித்துப் பாருங்கள், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் மூன்று பக்கம்தான் நிரம்பும். இயந்திரத்தில் இருந்து வந்த சிரிப்பும் உண்டு, அது சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் செய்த பெட்டி. டைப்ரைட்டர் மாதிரி விசைகள், காலடியில் ஒரு மிதி. மெல்லிய சிரிப்பு, வெடிச்சிரிப்பு என்று வேண்டியதை விரலால் தேர்ந்தெடுத்து வாசிப்பார்கள், கிட்டத்தட்ட ஒரு ஆர்மோனியம் மாதிரி.

சத்தமே ஆகாது என்றால் தி ஒண்டர் இயர்ஸ், மால்கம் இன் தி மிடில் மாதிரியானவற்றைப் பாருங்கள், அவற்றில் பின்னணிச் சிரிப்பு கிடையாது.

கேள்வி: நான் மனப்பாடமாகப் பார்த்த தொடரில் நான் பார்த்தே இராத காட்சிகள் வருகின்றன! டைட்டில் பாட்டும் வேறு மாதிரி கேட்கிறது. என் ஞாபகம் அவ்வளவு மோசமா?

பதில்: உங்கள் ஞாபகம் சரியாகத்தான் இருக்கும். 1980களில் அரைமணி நேரத் தொடர் ஒன்று விளம்பரம் போக 24, 25 நிமிடம் ஓடும். மறுஒளிபரப்புக்குப் போகும்போது கூடுதல் விளம்பரத்துக்காக ஒன்றிரண்டு நிமிடத்தை வெட்டிவிடுவார்கள். நம்மில் பலர் பார்த்தது அந்த வெட்டிய வடிவத்தைத்தான். இப்போது முழுசாகக் கிடைத்தால் புதுக் காட்சி வருவதில் ஆச்சரியமில்லை.

பாட்டு விஷயம் உரிமை சம்பந்தப்பட்டது. அன்று டிவிக்கு மட்டும் என்று வாங்கிய பாட்டு உரிமை டிவிடிக்கோ ஸ்ட்ரீமிங்குக்கோ செல்லாது. தி ஒண்டர் இயர்ஸ் முடிந்தது 1993இல், அதன் முழுத் தொகுப்பு டிவிடியாக வந்தது 2014இல், இந்தப் பாட்டுச் சிக்கல்தான் முக்கியக் காரணம். அதற்கு முன் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது ஜோ காக்கர் பாடிய டைட்டில் பாட்டுக்குப் பதில் வேறு குரல்தான் ஒலித்தது. அந்தக் கரகரப்புக்காகவே காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

படத்தின் ஓரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிவியின் 4:3 படத்தை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். 2019இல் தி சிம்ப்சன்ஸ் டிஸ்னி பிளஸில் அப்படி வெட்டுப்பட்டு வந்தது. அதில் ஒரு காட்சியில் மூன்று வெவ்வேறு பெயர் எழுதிய பீர்த் தொட்டிகள், மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது. அந்தக் குழாயே வெட்டுப்பட்டுப் போனால் ஜோக் எங்கே? ரசிகர்கள் விடவில்லை, 2020இல் பழைய வடிவிலேயே பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள். உங்கள் செயலியிலும் பழைய வடிவம் இருந்தால் அதிலேயே பாருங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அன்று சிரித்த பல ஜோக்குகள் இன்று சங்கடமாக இருக்கின்றன. குண்டாக இருப்பவரைக் கேலி செய்வது, வேண்டாம் என்று சொல்கிற பெண்ணின் பின்னாலேயே சுற்றுவது. இதற்கா சிரித்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

பதில்: குழந்தை சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டாம், அதற்கு முன்னால் வைத்ததைப் பார்த்து அது சிரித்தது. ஆனால் உங்கள் சங்கடம் சரியானது, அதைச் சமாதானம் சொல்லி அடக்காதீர்கள். "அந்தக் காலம் அப்படி" என்பதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தக் காலத்திலும் கேலிக்கு ஆளானவருக்கு வலித்துத்தான் இருக்கும்.

ஃபேமிலி மேட்டர்ஸ், 1989இலிருந்து 1998 வரை வந்தது. பக்கத்து வீட்டு ஸ்டீவ் அர்க்கல் லாராவைத் துரத்திக்கொண்டே இருப்பான், அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், கடைசி சீசனில் அவனையே கட்டிக்கொள்ளச் சம்மதிப்பாள். நான் அன்றைக்கு முழுக்க முழுக்க ஸ்டீவ் பக்கம். இப்போது கதவு திறக்கும்போதெல்லாம் லாராவின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவள் சொந்த வீட்டில், அவள் சொந்த சோபாவில், ஒரு மாலைப்பொழுதாவது நிம்மதியாக உட்கார விட்டார்களா என்று இருக்கிறது. அதே ஸ்டீவ் எவ்வளவு தனிமையில் இருக்கிற பையன், அவன் அப்பா அம்மா அவனை எவ்வளவு தூரம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் புரிகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க முடிகிறது, அதனால் தொடரை மூடிவைக்கத் தோன்றவில்லை. குழந்தைகளோடு பார்க்கிறீர்கள் என்றால் ஒரு நொடி நிறுத்தி, "அவள்தான் வேண்டாம் என்கிறாளே" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் பாடம் எடுத்தால் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: அதே ஃபேமிலி மேட்டர்ஸில் கடைசிப் பெண் ஜூடி எங்கே போனாள்? எனக்குத் தூக்கமே வரவில்லை!

பதில்: நாலாவது சீசனுக்குப் பிறகு வரவே இல்லை, ஏன் என்று கதையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹேப்பி டேஸ் தொடரிலும் மூத்த பையன் சக் இரண்டு சீசனோடு இப்படித்தான் காணாமல் போனான். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் திரையில் பேரையே எடுக்காமல் சிரித்துக்கொண்டிருப்பது, இன்றைய கண்ணுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: என் பத்து வயது மகளுக்கு ஆசையாகப் போட்டுக் காட்டினேன். ஐந்தே நிமிடத்தில் போரடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். மனசு கஷ்டமாகிவிட்டது.

பதில்: விடுங்கள். கூப்பிட்டு உட்காரவைக்காமல் நீங்கள் பாட்டுக்குப் பாருங்கள், சிரிப்பு வந்தால் சத்தமாகச் சிரியுங்கள். பக்கத்து அறையில் அம்மா எதற்கோ சிரித்தால் எந்தக் குழந்தையும் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கும். பார்க்காவிட்டாலும் சரி, அவளுக்கென்று ஒரு தொடர் இருக்குமே, அதை அவளோடு உட்கார்ந்து நீங்கள் பாருங்கள்.

கேள்வி: அப்பாவோடு பார்த்த தொடர். அவர் போய் இரண்டு வருடமாகிறது. டைட்டில் பாட்டு ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுகிறேன். பார்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பதில்: கட்டாயம் எதுவும் இல்லை. அது எங்கேயும் ஓடிப் போகாது, இன்னும் இரண்டு வருடம் கழித்துக்கூடப் பார்க்கலாம்.

என் அப்பா எங்களோடு உட்கார்ந்து பார்க்க மாட்டார். பின்னால் நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார். பக்கம் மட்டும் திரும்பவே திரும்பாது, அதனால் அவரும் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். சில இடங்களில் நாங்கள் யாரும் சிரிக்காதபோது பேப்பர் மட்டும் குலுங்கும். ஏன் என்று அன்று புரியவில்லை. போன மாதம் ஒரு எபிசோடில், வீட்டுக் கடன் பற்றி அப்பாவும் அம்மாவும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிற இடத்தில் ஒரு வரி வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், உடனே அந்தப் பேப்பர் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் படத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன்.

பாட்டுதான் தாங்கவில்லை என்றால் அதைத் தாண்டிவிட்டு நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். அன்று அதே அறையில் இருந்த வேறு யாராவது, அண்ணன், தங்கை, அம்மா, யாராக இருந்தாலும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. என் அண்ணனும் நானும் ஞாயிறு ராத்திரி போனில் பேசிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிடுகிறோம். எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் அவன் பக்கம் ஒரு நொடி முந்திக்கொள்ளும். என் திரையில் ஜோக் வருவதற்கு முன்னாலேயே அவன் சிரிப்பு போனில் கேட்டுவிடும்.