'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதும் பிள்ளைகள்

கற்றல் குறைபாடு பற்றிப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சில.

மகன் மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டவே திணறுகிறான். டீச்சர் 'சோம்பேறி' என்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

கதையை வரி பிசகாமல் சொல்கிறவன் சோம்பேறி இல்லை அம்மா. கேட்டால் புரிகிறது, படிக்கத்தான் வரவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் உளவியலாளரிடமோ சிறப்பு ஆசிரியரிடமோ காட்டுங்கள்.

இது புத்திக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிரமம். 'கொடி' என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வருவது 'க்'. எழுதும்போதோ கொம்பு முதலில், அப்புறம் 'க', அப்புறம் கால். நமக்குப் பழகிவிட்டது. அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிது. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே குறி போதும். கொம்புக்கே மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும்.

'பள்ளி'யை 'பல்லி' என்றே எழுதுகிறாள். பத்து தடவை எழுத வைத்தும் பயனில்லை. (தந்தை, ஆவடி)

அந்தப் பத்து தடவையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமியின் நோட்டில் முதல் மூன்று வரி சரி. நான்காவதில் புள்ளி விட்டுப்போய் 'பளளி' ஆகிவிட்டது. அதற்குக் கீழே கடைசி வரை 'பளளி'தான். சொல்லை எழுதவில்லை, மேல்வரியைப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

எத்தனை பிழை என்று எண்ணுவதைவிட என்ன பிழை என்று பாருங்கள். இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கள். அவள் வாயிலேயே ல, ள வேறுபடவில்லை என்றால் நாக்கை மடித்துச் சொல்லும் பயிற்சியும், கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியும் வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டு எழுதும்போது மட்டும் தவறினால் ஒலியோடு வடிவம் ஒட்டவில்லை; அதற்குப் படமும் சொல்லும் சேர்ந்த அட்டைகள் உதவும். இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

தொண்ணூறு எழுதச் சொன்னால் 900 என்று எழுதுகிறான். நான்காம் வகுப்பு. (வாசகர், மதுரை)

'தொண்ணூறு' என்பதில் அவன் காதில் விழுவது 'நூறு'. தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சின்ன வகுப்பில் இது சகஜம். நான்காம் வகுப்பிலும் தொடர்கிறது, 25, 52 இவற்றில் எது பெரிது என்றும் தடுமாறுகிறான், ஏழும் ஐந்தும் கூட்ட இன்னும் விரலைத் தேடுகிறான் என்றால் டிஸ்கால்குலியா, அதாவது எண்ணிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடு, உண்டா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஒன்பது கட்டைக் கையில் எடுத்தபின் 90 எழுதட்டும். வாய்ப்பாடு மனப்பாடத்தை அதுவரை தள்ளிவையுங்கள்.

மாத்திரை இருக்கிறதா?

கற்றல் குறைபாட்டைப் போக்கும் மாத்திரையோ டானிக்கோ கிடையாது. கூடவே கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு இருந்தால் அதற்கு மருந்து தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். (வாசகி, கடலூர்)

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் சான்றிதழ் இல்லாத இத்தனை ஆண்டும் அவளை 'மக்கு' என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? அதைவிட இந்தப் பெயர் மேல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைப் பள்ளி வழியாகக் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரட்டும் என்று இருக்காமல் இப்போதே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

இன்னொன்று. மனதில் இருப்பதை வேறொருவர் எழுதும்படி நிறுத்தி நிதானமாகச் சொல்வது தனிப் பழக்கம். பரீட்சை ஹாலில் புதுமுகத்தைக் கண்டதும் வாயடைத்துப்போன பிள்ளைகள் உண்டு. அடுத்த வகுப்புத் தேர்விலேயே ஒருவரை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள்.