பரணில் கிடந்த பிபிசி மைக்ரோ: சொருகிப் பார்க்கலாமா, தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பெரியப்பா மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் வேண்டாம் என்று ஒதுக்கிய, எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோ மாடல் பி ஒன்று அவர் வீட்டுப் பரணில் பல வருடங்களாகக் கிடந்தது. அதை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார். பழைய கணினிகளை வாங்கி விற்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளே பேட்டரி கசிந்திருக்கும், போர்டு முழுக்கக் கண்டென்சர் மாற்ற வேண்டும், என்னிடம் விடுங்கள், இல்லையென்றால் இருக்கிற நிலையிலேயே விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நானே வீட்டில் சொருகிப் பார்க்கலாமா? அவரிடம் கொடுக்கலாமா? – வேலூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மாடல் பி-யின் போர்டில் பேட்டரியே கிடையாது. இல்லாத பேட்டரி கசிந்திருக்கும் என்று படத்தைப் பார்த்தே சொல்பவர், அந்தக் கணினியை ஒரு முறைகூடத் திறந்து பார்த்திராதவராக இருக்க வேண்டும், அல்லது நீங்கள் திறந்து பார்த்ததில்லை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவராக இருக்க வேண்டும். இந்த வியாபாரத்தில் இரண்டாவது வகையினர்தான் அதிகம்.

முதலில் சொருகும் விஷயத்தைப் பார்ப்போம். 1981 இறுதியில் வெளிவந்த இந்தக் கணினியின் போர்டு மிகவும் உறுதியானது; பரணில் கிடந்ததால் மட்டும் அது கெட்டுவிடுவதில்லை. ஆபத்து இருப்பது பெட்டியின் இடப்பக்கம் உள்ள பவர் சப்ளையில். வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய கண்டென்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) இருக்கும். பெரும்பாலும் அவை ரிஃபா என்ற பெயர் அச்சிட்ட, மஞ்சளும் பழுப்பும் கலந்த, பாதி ஒளி ஊடுருவும் உடல் கொண்ட வகை. அவற்றின் உள்ளே இருப்பது காகிதம். காலப்போக்கில் மேலோட்டில் முடியளவு விரிசல்கள் ஓடி, அவற்றின் வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிப்பட்ட கண்டென்சருக்கு 230 வோல்ட் கொடுத்தால், சில நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, பிறகு பட்டென்று வெடித்து வெள்ளைப் புகையைக் கக்கும். அந்த நாற்றம் அறையை விட்டுப் போக நாளாகும். பெரும்பாலும் போர்டுக்குச் சேதம் வராது என்றாலும், பழுப்பு நிறப் பிசின் பவர் சப்ளை முழுவதும் தெறித்து, ஐந்து நிமிட வேலையை அரைநாள் வேலையாக்கிவிடும். "சொருகினேன், நன்றாகத்தான் ஓடியது" என்று யாராவது சொன்னால், இன்னும் வெடிக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் செலவு அந்த இரண்டு கண்டென்சர்களுக்கு. பழைய படக்குழாய் டிவியும் யுபிஎஸ்ஸும் பழுது பார்த்த மெக்கானிக் உங்கள் ஊரிலேயே இருப்பார். இதற்கு அவர் போதும், கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்களே சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள், ஏனென்றால் அதே பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டென்சர் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கக்கூடியது, வயரைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் உதைக்கும். மூடியை மட்டும் நீங்கள் கழற்றலாம். பின்புறம் இரண்டும் அடியில் இரண்டுமாக நான்கு திருகுகள். பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஃபிக்ஸ் என்று எழுதியிருக்கும். பவர் சப்ளையை அடியிலிருந்து மூன்று திருகுகள் பிடித்திருக்கின்றன. அதிலிருந்து போர்டுக்குச் செல்லும் வயர்கள் வெறுமனே சொருகப்பட்டவை. கழற்றுவதற்கு முன் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இடம் மாற்றிச் சொருகினால் போர்டில் உள்ள ஐசிகள், அதாவது சில்லுகள், கூண்டோடு போய்விடும்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய கண்டென்சரில் அச்சிட்டுள்ள அளவே வேண்டும். பொதுவாக ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றொன்று 0.01. புதியதன் உடலில், வீட்டு மின்சாரத்தின் குறுக்கே வைக்கத் தகுந்தது என்பதைக் காட்டும் எக்ஸ்2 என்ற குறியும் 275 வோல்ட் ஏசி என்ற எண்ணும் இருந்தே தீர வேண்டும். "அளவு ஒன்றுதானே, 400 வோல்ட் போட்டிருக்கிறதே" என்று சாதாரண பாலியெஸ்டர் கண்டென்சரைத் தள்ளிவிடும் கடைக்காரர்கள் உண்டு. அந்த 400 டிசி கணக்கு. வீட்டு மின்சாரத்தின் குறுக்கே நேரடியாக நிற்கும் இடத்துக்கு அது கூடாது. சரியான பொருள் இரண்டும் சேர்ந்து ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலையைத் தாண்டாது. உங்கள் தரகர் "போர்டு முழுக்க" என்று சொல்வதில் மிஞ்சும் உண்மை இவ்வளவுதான்.

மாற்றிய பிறகு, கணினியோடு இணைக்காமல் பவர் சப்ளையை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் சீரிஸ் பல்பு, அதாவது மின்வழியில் தொடராக இணைத்த குண்டு பல்பு, இருக்கும். முதல் முறை அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. வெறுமையாக இயங்குவது இவ்வகை பவர் சப்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், 5 வோல்ட் முனையில் பழைய 12 வோல்ட் கார் பல்பு ஒன்றைச் சுமையாகக் கட்டிவிட்டு மல்டிமீட்டரை வைக்க வேண்டும். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்டினால் இணைக்கலாம். அதற்கு மேல் காட்டினால், ஒரு நொடி பார்க்கலாமே என்ற ஆசைகூட வேண்டாம்.

இணைத்து ஸ்விட்சைப் போட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள மாடல் பி, முதலில் தாழ்ந்த சுருதியில் ஒரு நீண்ட ஒலியையும், உடனே உயர்ந்த சுருதியில் 'பிப்' என்று ஒரு குறுகிய ஒலியையும் எழுப்பும். திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்ற வரியும், கீழே பேசிக் என்ற சொல்லும், அதன் பிறகு ஒரு அம்புக்குறியும் தோன்றும். முதல் ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால் கணினி எழவில்லை என்று பொருள், பதறாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஐசிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கான வெப்பத்திலும் குளிரிலும் அவை சாக்கெட்டிலிருந்து சிறிது சிறிதாக மேலேறியிருக்கும். நான் பார்த்த 'செத்த' மாடல் பி-க்களில் கணிசமானவை இந்த ஓர் அழுத்தலில் எழுந்தவை. பிராசசரையும் மெமரியையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்ல வாய் வராது.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், அதுவும் பழுதில்லை. பின்புறமுள்ள வட்டமான வீடியோ முனையிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்கு வயர் கொடுத்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். போர்டில் எஸ்39 என்று குறித்த இடத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை இணைத்தால் வண்ணம் வந்துவிடும். "கலர் ஐசி போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்" என்று இதற்கே பெரிய தொகை கேட்டவரை எனக்குத் தெரியும்.

அடுத்து, அவரிடம் ஏன் விடக் கூடாது. இந்தக் கணினியின் மதிப்புள்ள உறுப்புகள் எல்லாம் சாக்கெட்டில் சொருகப்பட்டவை: 6502 பிராசசர், வீடியோ ஐசி, எழுத்துகளை வரையும் எஸ்ஏஏ5050, நிலையான நிரல்களைத் தாங்கும் ரோம் ஐசிகள். பழுது பார்ப்பவருக்கு இது எவ்வளவு வசதியோ, திருடுபவருக்கும் அவ்வளவு வசதி. நல்ல ஐசியை உருவிக்கொண்டு செத்ததைச் சொருகிவிட்டு, "பார்த்தேன், போர்டு தேறாது" என்று திருப்பிக் கொடுத்தால் உங்களால் என்ன நிரூபிக்க முடியும்? யாரிடம் கொடுப்பதானாலும், ஒவ்வொரு ஐசியின் மேலுள்ள எழுத்தும் படிக்கும்படி கிட்டத்தில் படமெடுத்து, அதை அவருக்கும் அனுப்பிவிட்டுக் கொடுங்கள். அனுப்பினாலே பாதிப் பேர் வேலையை மறுத்துவிடுவார்கள். மாற்று ஐசி போட்டதாகச் சொன்னால், பஞ்சில் அசிட்டோன் தொட்டு அதன் முதுகில் தேய்த்துப் பாருங்கள். எழுத்தோடு கறுப்பு நிறமும் பஞ்சில் ஏறினால், வேறு ஏதோ ஐசியைச் சுரண்டி, பூசி, புதிய பெயர் அச்சடித்திருக்கிறார்கள். "இருக்கிற நிலையிலேயே" வாங்குபவர் அதே பொருளை மறுவாரம் "சோதிக்கப்படவில்லை" என்று போட்டு விற்பார். சோதிக்கப்படவில்லை என்றால் சோதித்தாயிற்று, ஓடவில்லை என்றே படியுங்கள். இவர்களைவிட மோசமானவர்கள், தங்கத்துக்காக எடைக்கு வாங்கி உடைப்பவர்கள். அவர்களோடு பேச்சே வேண்டாம்.

பேட்டரி கிடையாது என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரியப்பா வீட்டுப் பரணில் இன்னொரு பெட்டியும் இருக்கலாம். 1986-இல் வந்த பிபிசி மாஸ்டர் பார்வைக்கு மாடல் பி-யின் அண்ணன் மாதிரியே இருக்கும். விசைப்பலகையின் வலப்பக்கம் கால்குலேட்டரில் உள்ளதுபோல் எண்களுக்கென்று தனிக் கட்டம் இருந்தால் அது மாஸ்டர். அதில் கடிகாரத்துக்காகவும் அமைப்புகளை நினைவில் வைப்பதற்காகவும் பேட்டரி உண்டு, அது கசியும். அதே காலத்து 286, 386 பிசிக்களின் போர்டில் நீல நிற உறையில் பீப்பாய் வடிவப் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அது இன்னும் கொடியது, கசிந்த திரவம் செம்புத் தடங்களின் வழியே ஊர்ந்து, பச்சைப் பூஞ்சைபோல் படர்ந்து, விசைப்பலகை இணைப்பு வரை தின்றுவிடும். அப்படி ஏதாவது கிடைத்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, அதே நாளில், பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். கார் பேட்டரி நினைவில் பல மெக்கானிக்குகள் இதற்குச் சோடா உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். கார் பேட்டரியில் இருப்பது அமிலம், சோடா உப்பு அதை முறிக்கும். இந்தப் பேட்டரிகளில் இருப்பது காரம். காரத்தின் மேல் காரத்தை ஊற்றி என்ன பயன்? வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும், நுரை அடங்கும்வரை துடைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். மாடல் பி-க்கு இதில் எதுவும் தேவையில்லை.

பெட்டியின் பழுப்பேறிய நிறத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள், முதலில் ஓடட்டும்.

விற்கும் எண்ணம் எப்போதாவது வந்தால், பெயர்ப்பட்டையைக் கவனியுங்கள். இந்தியாவில் இது மூன்று முகங்களில் வந்தது. 1984-85-இல் மத்திய அரசு தொடங்கிய, பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்பும் கிளாஸ் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள். அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்தது யூனிகார்ன். ஹோப் கம்ப்யூட்டர்ஸ் தயாரித்த டால்ஃபினில், அசலில் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும் மேல்வரிசை விசைகள் நீல நிறத்தில் இருக்கும். "இது டூப்ளிகேட், மதிப்பில்லை" என்று தரகர் சொல்வது பெரும்பாலும் பின்னிரண்டைப் பற்றித்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுவதும் அந்த இரண்டைத்தான். இங்கிலாந்தில் பள்ளிதோறும் கிடந்த அசலை அவர்கள் எங்கும் வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒதுக்கிய பொருள் என்றாலும் இது பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்த பொருள். நம் அலுவலக நடைமுறையில் இப்படிப்பட்ட ஒரு கணினியை முறையாகக் கழிக்க வேண்டுமானால் பட்டியல், குழு, கையொப்பம், மேலிட அனுமதி, பிறகு மொத்தமாக ஏலம். அந்த ஏலத்தில் ஆர்வமுள்ள ஒருவர் ஒரே ஒரு கணினியைக் கேட்டு வாங்க வழியில்லை, உடைந்த பெஞ்சோடு சேர்த்து லாட்டாக எடுக்கும் காயலான் கடைக்காரருக்குத்தான் போகும். கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையத்தில் இதே கணினியில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் தட்டச்சு செய்கிறார்கள். இன்று கைபேசிகளில் ஓடும் ஆர்ம் பிராசசரின் முதல் வடிவம் 1985-இல் இயங்கியது ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைக்கப்பட்டுத்தான். நாம் அதைக் கிலோ கணக்கில் எடைபோட்டோம். முறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் பெரியப்பாவின் கணினியும் அந்த வழியே போயிருக்கும், ஆகவே அவர் எடுத்து வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு விற்கும்போது யாராவது "திருட்டுப் பொருள்" என்று மிரட்டி விலையைக் குறைக்க இடம் தராதீர்கள். எந்தப் பள்ளி, எந்த வருடம் ஒதுக்கியது, யார் சொல்லி எடுத்துக்கொண்டார் என்பதைப் பெரியப்பாவின் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பள்ளியில் கழிவு ஆணையின் நகல் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினியின் அடியிலுள்ள வரிசை எண்ணையும் போர்டில் அச்சிட்டுள்ள பதிப்பு எண்ணையும் அதே தாளில் குறித்து வைத்துவிட்டு, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.