லாட ஆணியும் கால் அணாவும்

ஐயா,

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் அங்கே மாட்டுச்சந்தை கூடியதாம். பழைய காசுகள் சேர்ப்பவன் என்பதால் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அதனுடன் வந்த ‘காயில்’ (தரைக்கு மேல் வீசும் கம்பிச்சுருள் தட்டு) 11 அங்குலம். அடிக்கு அடி ஒலிக்கிறது. தோண்டினால் துருப்பிடித்த ஆணி. இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிட்டால் நிலமே ஊமையாகிவிடுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று காசும் ஒரு வாளி ஆணியும்தான் மிச்சம். படம் இணைத்திருக்கிறேன். ஆழம் போதவில்லை என்று 15 அங்குலக் காயில் வாங்க இருக்கிறேன். நண்பரோ 6 அங்குலம் போதும் என்கிறார். எது சரி? இந்தக் குப்பையைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு அடுத்து வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் தேடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். அங்கே மண்ணைக் கிளறுவது ஆராய்ச்சி இல்லை, குற்றம். சொந்த நிலத்திலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் உங்களைத் தொடரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. படித்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.

15 அங்குலம் வாங்காதீர்கள். உங்கள் நண்பர் விவரம் தெரிந்தவர். பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஒரே வீச்சில் அகலமாகவும் பார்க்கும். சுத்தமான உழவு நிலத்தில் அது வரம். உங்கள் மேட்டிலோ ஆழம் பிரச்சினையே இல்லை. காயிலிலிருந்து எழும் காந்தப்புலம் தன் கீழுள்ள ஒவ்வோர் உலோகத்தையும் தூண்டுகிறது; அவை எல்லாம் சேர்ந்து ஒரே பதிலாகத் திரும்பி வருகின்றன. 15 அங்குலத்துக்குள் நான்கு ஆணியும் ஒரு காசும் கிடந்தால், நான்கு தரகர்கள் கத்தும் இடத்தில் ஒரு கிழவி முனகுவது போலத்தான். இரும்பை ஒதுக்கச் சொன்னால் கருவி ஆணி மேல் வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறது. மூடிய வாய் திறக்கும் முன் காயில் காசைத் தாண்டிவிடுகிறது. நிலம் ஊமையானதாக நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். அந்த மௌனத்துக்குள்தான் காசு இருக்கிறது.

6 அங்குலக் காயில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே நுழையும். ஆழம் குறையும், நடை கூடும், ஒரு சென்ட் நிலத்துக்கே ஒரு காலைப் பொழுது போகும். போகட்டும். உங்கள் காயில் டபுள்-டி வகை (உள்ளே D வடிவில் இரண்டு சுருள்கள் இருப்பது) என்றால் அது பார்ப்பது முன்னிருந்து பின்னாக ஓடும் ஒல்லியான ஒரு பட்டையை. ஒரு திசையில் ஆணியும் காசும் அந்தப் பட்டைக்குள் ஒன்றாக விழுந்தால், அதே இடத்தில் குறுக்கே நின்று வீசுங்கள். பிரிந்து ஒலிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதி படியட்டும். அவசரம் வேண்டாம்.

இரும்பை ஒதுக்குவதால் நம் நாட்டுக்கே உரிய ஒரு நட்டமும் உண்டு. 1988இல் 10, 25, 50 காசுகளும் 1992இல் ஒரு ரூபாயும் எஃகில் வந்தன. காந்தத்தில் ஒட்டும் எஃகு. கருவிக்கு அதுவும் ஆணியும் ஏறக்குறைய ஒரே சாதி. உங்கள் படத்தில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 கால் அணாவும் ஓட்டைக் காலணாவும் செம்பு வகையைச் சேர்ந்தவை, அதனால் தப்பித்துக் குரல் கொடுத்திருக்கின்றன. (அந்த 1835 அபூர்வம் இல்லை. கண்காட்சி வைக்க வேண்டாம்.)

இதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லக்கூடியது. உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது வேறு ஒரு சொல்: குப்பை.

எனக்கு எட்டு வயதிருக்கும். என் தாத்தா திங்கள் இரவே மாடுகளை ஓட்டிக்கொண்டு புறப்படுவார். விடியும்போது வேலூர் அருகே பொய்கை மாட்டுச்சந்தை. அவர் தரகரோடு துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் நேரத்தில் நான் லாடம் அடிப்பவரிடம் போய் நின்றுவிடுவேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு பையன் கொம்பை அழுத்திக்கொள்வான். பழைய லாடத்தின் ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிப் பின்னால் எறிவார். புது ஆணிகள் அவர் உதட்டில் வரிசையாக இருக்கும். அப்படியே பேசுவார், ஒன்றும் புரியாது. குளம்புக்கு இரண்டு லாடம், மாட்டுக்கு எட்டு. அடித்த ஆணி குளம்பின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். நுனியைக் கிள்ளிவிட்டு மடக்குவார். கிள்ளிய நுனிகள் அரிசி சிந்தியது போல அவரைச் சுற்றிக் கிடக்கும். கூலியைக் கையில் வாங்க மாட்டார். கை நிறைய எண்ணெயும் சாணமும். “சாக்கு ஓரத்துல போடு” என்பார். சாயங்காலம் சாக்கை உதறும்போது எத்தனை காசு மண்ணுக்குள் போனதோ.

ஒருநாள் அந்தச் சாக்கருகே மண்ணில் ஓர் ஐந்து காசு பார்த்தேன். எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு தாத்தாவிடம் காட்டியபோது அவர் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் திருப்பிப் போட வைத்தார். மாடு அன்று விலை படியவில்லை. வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. ஒடுகத்தூரை நெருங்கும்போது தோளில் தூக்கிக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள், எது குப்பை? ஆணி அடர்ந்து கிடக்கும் இடம் லாடக்காரர் உட்கார்ந்த இடம். காசு கைமாறிய இடமும் அதுதான். நீங்கள் இரண்டு மாதமாக அந்த மனிதரின் சாக்கு விரித்திருந்த இடத்தைத் தோண்டித் தோண்டி, வழிகாட்டியை வாளியில் போட்டுவிட்டு, ஆழம் போதவில்லை என்று கருவியைக் குறை சொல்கிறீர்கள்! எந்த ஆணியை எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் புள்ளி வைத்திருந்தால் அந்தச் சந்தையின் வரைபடமே கிடைத்திருக்கும். இனியாவது வையுங்கள். ஒதுக்கும் வசதியை அணைத்துவிட்டு, சின்னக் காயிலோடு, ஆணி மிக அடர்ந்த இடத்தில் தொடங்குங்கள்.

அந்த வாளியை மட்டும் விற்றுவிடாதீர்கள். வரும் செவ்வாய் நான் பொய்கை வரைக்கும் வருகிறேன். அங்கிருந்து அணைக்கட்டு தூரமில்லை. நுனி கிள்ளி மடக்கிய ஆணி ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்.