லண்டன் கடன் வேண்டாம், இத்தாலிய மொழி வகுப்பில் சேருங்கள்

அம்மா, உங்கள் மகள் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டில் இருக்கிறாள். இத்தாலியின் மறுமலர்ச்சிக் கால (15, 16-ம் நூற்றாண்டு) ஓவியங்களை ஆராய்ந்து, அதையே கற்பிக்க வேண்டும் என்கிறாள். பெரியப்பா எம்.பி.ஏ. என்கிறார். மாமா, வீட்டை அடமானம் வைத்தாவது லண்டனுக்கு அனுப்பச் சொல்கிறார். உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இரண்டு யோசனையும் தவறு.

விருப்பமில்லாத எம்.பி.ஏ.வில் பணமும் போகும், பிள்ளையின் ஈடுபாடும் போகும். லண்டன் படிப்பு தரமானதுதான். ஆனால் இந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டம் முடிவதற்குள் முப்பது வயது நெருங்கிவிடும். அதுவரை வட்டி யார் கட்டுவது? வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

உறவினர்கள் யோசிக்காத வழி, இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்கள். புளோரன்ஸ், சியானா, பீசா, பொலோனா எல்லாவற்றிலும் கலை வரலாற்று முதுகலை உண்டு. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மண்டல அரசுகளின் உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் கட்டணம் இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் உதவி உண்டு. தேர்வுகளில் பின்தங்கினால் அது நின்றுபோகும், இதை மகளிடம் சொல்லிவிடுங்கள். முனைவர் படிப்புக்குப் போட்டி கடுமை, இடம் கிடைத்தால் பெரும்பாலும் உதவித்தொகையும் சேர்ந்து வரும்.

ஆய்வுக்கு வேண்டிய மூல ஆவணங்களும் அங்கேதான் இருக்கின்றன. 1485-ல் புளோரன்ஸின் அநாதை இல்லம் ஒன்று ஓவியர் கிர்லாந்தாயோவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. கூலி 115 புளோரின், அதாவது அந்நாளைய புளோரன்ஸ் தங்க நாணயம். நீல வண்ணம் அவுன்சுக்கு நான்கு புளோரின் பெறும் ரகமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டிய கல்லை அரைத்து எடுப்பது. இப்படிப்பட்ட தாள்களை வாசிக்க இத்தாலியம், லத்தீன், பழைய கையெழுத்துப் பயிற்சி மூன்றும் வேண்டும்.

நம் நாட்டுப் பக்கமும் அவளுக்கு ஆய்வுக்களம் இருக்கிறது. ஜெர்மன் கலைஞர் டியூரரின் அச்சுப்படத்தைப் பார்த்து, முகலாய ஓவியர் அபுல் ஹசன் 1600-ல், தன் பதின்மூன்றாவது வயதில், புனித யோவானை வரைந்தார். ஐரோப்பிய அச்சுப்படங்கள் முகலாயப் பட்டறைக்குள் என்ன செய்தன என்பது நல்ல ஆய்வுப் பொருள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இத்தாலிய மொழியில் பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது. அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும். அப்புறம் வருமானச் சான்று, சொத்து விவரம் இரண்டையும் சான்றளித்த மொழிபெயர்ப்போடு தயார் செய்யுங்கள். பெரியப்பாவை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.